வாசகர் கேள்வி பதில்: முறிந்த கிளையின் இலை ஏன் மஞ்சளாவதில்லை?

கேள்வி: ஐயா, சுற்றிலும் செம்பனை நட்ட பிறகும் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் சில பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) வெட்டப்படாமல் நிற்கின்றன. தைப்பூசத்தை ஒட்டி அவற்றின் இலைகள் மஞ்சளாகிக் கொட்டும். இம்முறை உதிர்வு தொடங்குமுன் வீசிய பெருங்காற்றில் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அதன் இலைகள் மஞ்சளாகவே இல்லை. பச்சை மங்கி அப்படியே சருகாகிவிட்டன. ஒரே மரத்து இலைகள் இருவிதமாகக் காய்வது ஏன்?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, மரத்தில் நின்ற இலை காய்ந்து மஞ்சளாகவில்லை. உயிரோடு இருந்தபடியே தன் பச்சையத்தைத் தானே சிதைத்து, வேலை முடிந்த பின்னரே உதிர்ந்தது. முறிந்த கிளையின் இலையோ அவ்வேலையைத் தொடங்குமுன் நீர் வற்றி இறந்துவிட்டது. பச்சையத்தைச் சிதைக்கும் நொதிகளை உண்டாக்குமாறு மரபணுக்கள் கட்டளையிட வேண்டும். இறந்த உயிரணுவில் அக்கட்டளையை நிறைவேற்ற எதுவும் இல்லை. கறிவேப்பிலையைச் சட்டென்று காய வைத்தால் பச்சை பெருமளவு நிற்பதையும், ஈரத்தோடு பையில் கட்டி வைத்த கொத்தமல்லி நாலைந்து நாளில் மஞ்சளாவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பையிலிருக்கும் கொத்தமல்லிக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

உதிரப்போகும் இலைக்கு இத்தனை உழைப்பு எதற்கு என்று தோன்றலாம். இலையின் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பெரும்பகுதி புரதங்களில் இருக்கிறது. இலை உதிர்வதற்கு முன்பே மரம் அதைக் கிளைக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. அந்தப் புரதங்களில் பல, பச்சையத்தைப் பிடித்து வைத்திருப்பவை. பிடியிலிருந்து விடுபட்ட பச்சையம் வெயிலில் ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலைச் செலவிட வழியில்லாமல் ஆக்சிஜனை நச்சாக மாற்றி உயிரணுவையே கொன்றுவிடும். ஆகவே, புரதத்தை மீட்க வேண்டுமானால் பச்சையத்தைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்தே ஆகவேண்டும்.

பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு அமர்ந்திருக்கிறது. கீரையில் புளி விட்டுக் கொதிக்க வைத்தால் அதன் பளிச்சென்ற பச்சை போய்ப் பாசி நிறம் வருகிறதல்லவா? புளியின் அமிலம் அந்த மக்னீசியத்தைக் கழற்றிவிடுவதே அதற்குக் காரணம். உயிருள்ள இலையில் இதே வேலையைப் புளியின்றிச் செய்வது ஒரு நொதி. அதை உண்டாக்கும் மரபணுவுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் ‘ஸ்டே கிரீன்’, அதாவது ‘பச்சையாகவே இரு’. பச்சையை நீக்கும் மரபணுவுக்கு இப்படிப் பெயர் அமைந்தது வேடிக்கைதான். அது கெட்டுப்போன செடிகள் பச்சையாகவே நின்றதைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த மரபணுவை நாம் பள்ளியிலேயே, பெயர் தெரியாமல், படித்திருக்கிறோம். 1866ஆம் ஆண்டு கிரெகோர் மெண்டல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் மஞ்சள் விதை, பச்சை விதை என்று வரும் வேறுபாடு, விதையிலைகளில் இந்த ஒரு மரபணு வேலை செய்வதாலும் செய்யாததாலும் வருவதே. அது இன்ன மரபணு என்று அடையாளம் கண்டது 2007இல். மக்னீசியத்தைக் கழற்றுவதே அதன் தொழில் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியது 2016இல். மெண்டலின் கட்டுரைக்குச் சரியாக நூற்றைம்பது ஆண்டுகள்!

மக்னீசியம் போன பிறகு இரண்டாம் நொதி பச்சையத்தின் நீண்ட வாலை வெட்டுகிறது; மூன்றாவது அதன் வளையத்தைத் திறக்கிறது. வளையம் திறந்ததும் பச்சை மறைந்து, முன்பிருந்தே இலைக்குள் இருந்த கரோட்டினாய்டு நிறமிகளின் மஞ்சள் வெளித் தெரிகிறது. எஞ்சிய நிறமற்ற துண்டுகள் உயிரணுவின் நீர்ப்பையில் அடைக்கப்பட்டு, இலையோடு மண்ணுக்குப் போகின்றன. ஒவ்வொரு பச்சைய மூலக்கூறிலும் இருந்த நான்கு நைட்ரஜன் அணுக்களை மரம் மீட்பதே இல்லை. புரதத்தை மீட்பதற்கு அது கொடுக்கும் விலை என்று இதை நான் கொள்கிறேன். வளையத்தைத் திறக்கும் மரபணு பழுதான செடிகளில் பாதி சிதைந்த பச்சையம் தேங்கி, இலையில் இறந்த திட்டுகள் விழுகின்றன.

இத்தனையையும் தொடங்கி வைக்கும் மேலாளர் மரபணுக்களும் உண்டு. அரபிடோப்சிஸ் என்னும் சிறு கடுகினச் செடியில் அவற்றுள் ஒன்று ‘ஓரேசாரா 1’. இலை முதிரும்போதும் எத்திலீன் வாயு கூடும்போதும் அது விழித்துக்கொண்டு, சிதைவு மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. கொரிய மொழியில் அப்பெயருக்கு ‘நெடுநாள் வாழ்வது’ என்று பொருள்; இம்மரபணு பழுதான செடியின் இலைகள் நெடுநாள் வாழ்ந்தன. இதுவும் கெட்டுப்போனதைப் பார்த்து வைத்த பெயரே.

கேள்வி: கேவண்டிஷ் வாழைச் சீப்பு ஒன்றை வீட்டில் பழுக்க வைத்தேன். உள்ளே கனிந்து இனிக்கிறது. தோல் மட்டும் பச்சையாகவே இருக்கிறது. மருந்து அடித்திருப்பார்களோ?
(வாசகர், அதே ஊர்)

பதில்: உங்கள் வீட்டு வெக்கைதான் காரணமாக இருக்கும். கேவண்டிஷ் வகையில் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்கு மேல் சதை பழுத்தாலும் தோலின் பச்சையச் சிதைவு தடைப்படுகிறது. 20 பாகையில் நன்கு விழிக்கும் சிதைவு மரபணுக்கள் 30 பாகையில் மந்தமாகவே இயங்குகின்றன. மொத்த வியாபாரிகள் குளிரூட்டிய அறையில் பழுக்க வைப்பது இதனால்தான். வாழையினம் முழுவதற்கும் இது பொதுவன்று; சமையலுக்கு உதவும் பிளான்டன் வகை வாழைகள் வெக்கையிலும் மஞ்சளாகின்றன. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் செம்பனையில் அடி மட்டைகள் செம்மஞ்சளாகின்றன. இதுவும் முதுமைதானா?

பதில்: பெரும்பாலும் மக்னீசியக் குறைவு. மண்ணில் கிடைக்காத மக்னீசியத்தை மரம் முதிர்ந்த மட்டைகளிலிருந்து எடுத்து இளம் ஓலைகளுக்கு அனுப்புவதால் அடி மட்டைகளே முதலில் நிறம் மாறும். செம்மஞ்சளான ஓலையின்மேல் வேறொரு ஓலையின் நிழல் விழும் இடத்தைப் பாருங்கள். அங்கே மட்டும் பச்சை நின்றிருந்தால் சந்தேகம் வேண்டாம், கீசரைட் என்னும் மக்னீசிய உரம் இட வேண்டியதுதான்.