வாசகர் கேள்வி – பதில்: பகடையும் பாத்திரமும்

கேள்வி: ஐயா, தொண்ணூறுகளில் உறவினர் ஒருவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' விதிநூலின் போட்டோக் கொப்பியை வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லாத இரவுகளில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் நண்பர்களோடு விளையாடத் தொடங்கினேன். அவர்களில் இருவர் இப்போது கனடாவில் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் இணையவழி கூடி இன்றும் விளையாடுகிறோம். ஆனால் அண்மைக் காலமாகச் சண்டைக் கட்டம் வந்ததும் எனக்கு அலுப்புத் தட்டிவிடுகிறது. பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசும் இடங்களே மனத்துக்குப் பிடிக்கின்றன. நண்பர்களோ பழையபடி வரைபடம், புதையல், பூதம் என்றே கேட்கிறார்கள். எனக்கு வயது போய்விட்டதா? இதை விட்டுவிடுவதா?
— வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: அறிமுகமில்லாத வாசகர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஒருவர் கதையுலகை விவரித்து நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்ல, முடிவு நிச்சயமில்லாத இடங்களைப் பகடை உருட்டித் தீர்ப்பதே இவ்விளையாட்டு.

வயதின் மீது பழி போடுவதற்கு முன் அந்த விதிநூலை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஆக்கி 1974இல் வெளிவந்த இவ்விளையாட்டு, சிறு பொம்மை வீரர்களை மேசைமேல் அணிவகுத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அதன் தொடக்ககால விதிகளின்படி, நிலவறையிலிருந்து மீட்டுவரும் பொற்காசு ஒவ்வொன்றுக்கும் ஓர் அனுபவப் புள்ளி கிடைக்கும். பூதத்தை வீழ்த்தினாலும் புள்ளி உண்டு. துரோகம் செய்த நண்பனை மன்னிப்பதற்கு எந்தப் புள்ளியும் இல்லை. எதற்குப் புள்ளி உண்டோ அதையே விளையாடுபவர்கள் திரும்பத் திரும்பச் செய்வார்கள். இளம் வயதில் உங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுவாகவே இருந்திருக்கும். ஆகவே விதியும் விருப்பமும் ஒத்துப்போயின. இன்று உங்கள் விருப்பம் நகர்ந்துவிட்டது, விதி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அலுப்புக்கு வெறும் கணக்கும் ஒரு காரணம். பாத்திரங்கள் படிநிலையில் உயர உயர, ஒவ்வொரு முறையிலும் செய்யக்கூடியவை பெருகுகின்றன. 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில், உயர்நிலைப் போர்வீரன் ஒருவன் ஒரே முறையில் நான்கு தடவை தாக்கலாம். தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் ஓர் உருட்டல், அது பட்டால் சேதத்துக்கு இன்னோர் உருட்டல். நாலைந்து பேர் கூடிய இடத்தில், தன் முறை வரும்வரை கால்மணி நேரம் பேசாமல் காத்திருக்கும் எவருக்கும், அவர் இருபது வயது இளைஞராக இருந்தாலும், அலுப்பு வரத்தான் செய்யும்.

நீங்கள் தேடுவதையே கணக்கில் எடுக்கும் வேறு விளையாட்டுகள் இருக்கின்றன. 1981இல் வெளியான 'கால் ஒஃப் கத்துலு'வில் பாத்திரங்கள் நாளுக்கு நாள் பலசாலிகள் ஆவதில்லை. காணக்கூடாததைக் காணக் காண அவர்களின் மனத்தெளிவு குறைந்துகொண்டே போகும், தப்பியோடுவதே அங்கு பெரும்பாலும் புத்தி. உங்களுக்கு இன்னும் பொருத்தமானது, 2010இல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' என்பதும் அதன் வழிவந்தவையும் என்று நினைக்கிறேன். அவற்றில் சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டு போதும். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் நடத்துபவர் கதையை உங்களுக்கு எதிராகத் திருப்புவார். திறமைக்குரிய எண்ணைக் கூட்டாமல் பார்த்தால், இரு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் 15 அந்த நடுப்பகுதியில்தான் விழுகின்றன.

ஒரு பாத்திரம் நள்ளிரவில் காவலர்களுக்குத் தெரியாமல் தோணியில் வாவியைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகடையில் 8 விழுகிறது. "அக்கரை சேர்ந்துவிட்டீர்கள், ஆனால் ஒன்றில் தோணி கைவிட்டுப் போய்விட்டது, அல்லது கரையில் வலை காய வைக்கும் சிறுமி உங்களைக் கண்டுவிட்டாள். எது வேண்டும்?" என்று நடத்துபவர் கேட்கிறார். சிறுமியைத் தேர்ந்தெடுத்தால், அவளோடு பேசித்தான் ஆகவேண்டும். நீங்கள் விரும்பும் உரையாடல் பகடையிலிருந்தே பிறந்துவிடுகிறது.

நண்பர்களை மட்டும் பழைய விளையாட்டை விட்டுவிடும்படி கேட்காதீர்கள். ஊரைப் பிரிந்திருப்பவர்களுக்கு அந்த வரைபடமும் புதையலும் உங்களோடு லாம்படியில் இருந்த காலத்தின் மிச்சமாக இருக்கலாம். அது சிறிய விடயம் அல்ல. இப்போதைய கதை ஒரு கட்டத்துக்கு வந்ததும், மூன்று ஞாயிறுகளுக்கு மட்டும் புதியதொன்றை நீங்களே முன்நின்று நடத்துங்கள், பிறகு பழையதற்குத் திரும்புங்கள். பழையதிலும் சண்டைகளைக் குறைத்துத் தருமாறு நடத்துபவரிடம் வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை. சொல்லாமல் முகம் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் நெடுநாள் குழுக்களைக் குலைக்கிறது.

கேள்வி: என் மாணவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். விதிகளைத் தமிழில் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுக்கலாமா?
— ஆசிரியை, கல்முனை

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதை மொழிபெயர்க்கவும் பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு. கடையில் விற்கும் முழு விதிநூல்களுக்கு இது பொருந்தாது. முதல் நாளே விதிகளைப் படிப்பிக்க வேண்டாம். கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாடலோடு களரிக்குள் வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் பகுதியில் உண்டு. அதைப் போலவே, தாம் யார், எங்கிருந்து வருகிறோம், எதற்கு அஞ்சுகிறோம் என்று ஒவ்வொருவரும் பாத்திரமாக நின்று நாலு வசனம் சொல்லட்டும். விதிகள் தேவைப்படும்போது அவர்களே கேட்பார்கள்.

கேள்வி: இருபது முகப் பகடை இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லையே?
— மாணவர், ஏறாவூர்

பதில்: சீட்டுக்கட்டு ஒன்று போதும். சிவப்பில் ஓர் இனம், கறுப்பில் ஓர் இனம் என ஏஸ் முதல் பத்து வரையான சீட்டுகளைப் பிரித்தெடுங்கள். சிவப்பு 1 முதல் 10 வரை. கறுப்பென்றால் சீட்டிலுள்ள எண்ணோடு பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பச் சேர்த்துக் கலைத்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபது எண்களுக்கும் சமவாய்ப்பு இராது.