நீக்கும் கை யாருடையது?

வணக்கம்.

அமெரிக்க அதிபர்களை விசாரிக்கும் சிறப்பு வழக்கறிஞர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அவர்களை நினைத்தபடி பதவிநீக்கம் செய்ய முடியாதபடி சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள். அங்கே நீதி அமைச்சகமே அதிபரின் கீழ்தான் இருக்கிறது. ஒருவர் மறுத்தால் இன்னொருவரைக் கொண்டு நீக்கிவிடுகிறார்கள். 1973-ல் நிக்சன் அதைத்தானே செய்தார்? அப்படியானால் காகிதத்தில் இருக்கும் பாதுகாப்பால் என்ன பயன்? அடுத்து, யாராலும் அசைக்க முடியாத வழக்கறிஞர் ஒருவரை உருவாக்கிவிட்டால் அவரை யார் கேள்வி கேட்பது? மக்கள் ஓட்டுப் போட்டது அதிபருக்குத்தானே? கிளின்டனை விசாரித்த கென்னத் ஸ்டாரின் கதையை நீங்கள் ஏன் தொடவே இல்லை?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஸ்டாரைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும், பேசுகிறேன். அதற்கு முன் 1973-க்குப் போவோம். உங்கள் முதல் சந்தேகத்துக்கு விடை அந்த ஆண்டின் அக்டோபர் 20-ஆம் தேதியிலேயே இருக்கிறது.

வாட்டர்கேட் என்பது எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்து மாட்டிக்கொண்டவர்களோடு நிக்சன் தரப்புக்கு இருந்த தொடர்பு பற்றிய ஊழல். அந்த விசாரணைக்குச் சிறப்பு வழக்கறிஞராக ஆர்ச்சிபால்ட் காக்ஸ் வந்த விதத்தை முதலில் பாருங்கள். எலியட் ரிச்சர்ட்சன் அட்டர்னி ஜெனரலாக, அதாவது நீதி அமைச்சகத்தின் தலைவராக, வேண்டுமானால் செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். சுதந்திரமான வழக்கறிஞர் ஒருவரை நியமிக்க வேண்டும், மிகக் கடுமையான முறைகேடு செய்தால் ஒழிய அவரை நீக்கக் கூடாது என்று செனட் கேட்டது. ரிச்சர்ட்சன் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கு அமைச்சக விதியாகவும் எழுதி வெளியிடப்பட்டது. காக்ஸ் வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களைக் கேட்டார். நிக்சன் தர மறுத்தார். செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் நாடாக்களைக் கேட்டுச் சுருக்கத்தைச் சரிபார்ப்பார், அதோடு திருப்தியடையுங்கள் என்று ஒரு சமரசம் பேசப்பட்டது. சனிக்கிழமை மதியம் பத்திரிகையாளர்களைக் கூட்டி, தன்னால் அதை ஏற்க முடியாது என்று காக்ஸ் நிதானமாக விளக்கினார்.

அன்று மாலை நிக்சன் ரிச்சர்ட்சனை அழைத்து, காக்ஸை நீக்கச் சொன்னார். ரிச்சர்ட்சன் தன் பதவியை விட்டு விலகினார். அடுத்த இடத்தில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் முடியாது என்று சொல்லிப் பதவி இழந்தார். மூன்றாவதாக, சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க் கையெழுத்திட்டார். அன்றிரவே எஃப்.பி.ஐ. ஆட்கள் காக்ஸின் அலுவலகத்தை முடக்கினார்கள்.

நீங்கள் சொல்வது சரி, கடைசியில் நீக்கம் நடந்துவிட்டது. ஆனால் ஓர் அதிபர் தன்னை விசாரிப்பவரை வீட்டுக்கு அனுப்ப, நாட்டின் சட்ட நிர்வாகத்தில் முதல் இரண்டு இடங்களில் இருந்தவர்களை ஒரே மாலையில் இழக்க வேண்டியிருந்தது. நீக்கும் அதிகாரம் அட்டர்னி ஜெனரலின் கையில் இருந்தது, அந்தக் கை ஒரு வாக்குறுதியால் கட்டப்பட்டிருந்தது. நிக்சன் தானே ஒரு வரி எழுதி காக்ஸை அனுப்பியிருந்தால் அது இன்னொரு நிர்வாகச் செய்தியாகப் போயிருக்கும். இப்படி நடந்ததால் மக்கள் பார்த்தார்கள். லட்சக்கணக்கில் தந்திகள் வாஷிங்டனுக்கு வந்து குவிந்தன. மூன்றே நாளில், நாடாக்களை நீதிமன்றத்தில் ஒப்படைப்பதாக நிக்சன் இறங்கிவந்தார். பிரதிநிதிகள் சபையில் அதிபரையே பதவிநீக்கம் செய்வதற்கான வேலை தொடங்கியது.

இதற்குப் பின்னால் நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது. அந்த நவம்பரில் நீதிபதி கெர்ஹார்ட் கெசல், காக்ஸை நீக்கியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். நீக்கிய நாளில் அந்த விதி உயிரோடு இருந்தது, விதி சொன்ன காரணம் எதுவும் காட்டப்படவில்லை என்பதே அவர் கண்டது. அமைச்சகம் மூன்று நாள் கழித்துத்தான் அந்த விதியை ரத்து செய்திருந்தது. முதலில் ஆளை அனுப்பினார்கள், பிறகு விதியைக் கிழித்தார்கள். வரிசையை மாற்றிச் செய்திருந்தால் கெசலின் தீர்ப்புக்கு இவ்வளவு நேரடியான ஆதாரம் இருந்திருக்காது.

அதனால் அடுத்து வந்த லியோன் ஜவோர்ஸ்கிக்கு இன்னும் கெட்டியான விதி எழுதப்பட்டது. காங்கிரஸின் இரு அவைகளிலும் இரு கட்சித் தலைவர்கள், நீதிக் குழுக்களின் மூத்தவர்கள் என எட்டுப் பேரைக் கலந்து, அவர்களுடைய இசைவு தெரிந்த பிறகே அவரைத் தொடலாம். 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் நிக்சன் வழக்கில் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது இந்த விதியைத்தான் எடுத்துக் காட்டியது. அதை அட்டர்னி ஜெனரல் ரத்து செய்திருக்கலாம், ஆனால் செய்யவில்லை; இருக்கும்வரை அது சட்டத்தின் வலிமை உடையது, அரசும் அதற்குக் கட்டுப்பட்டது என்றது. நிக்சன் சொல்ல முயன்றது, "இது எனக்கும் என் கீழ் வேலை செய்பவருக்கும் இடையிலான வீட்டுச் சண்டை, நீதிமன்றத்துக்கு இதில் என்ன வேலை?" என்பது. அந்த வாதத்தை உடைத்தது ஓர் அமைச்சக விதி. காகிதத்தால் என்ன பயன் என்று கேட்டீர்கள் அல்லவா? அந்தக் காகிதம்தான் ஜவோர்ஸ்கியை நீதிமன்றத்தின் வாசலுக்குள் விட்டது. இரண்டு வாரத்தில் நிக்சன் பதவி விலகினார்.

இனி ஸ்டார்.

விதியை எழுதியவரே கிழிக்கலாம் என்ற பயத்தில் காங்கிரஸ் 1978-ல் முழுச் சட்டமே போட்டது. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும். அட்டர்னி ஜெனரல் மட்டுமே, அதுவும் தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே, அவரை நீக்கலாம். இது அதிபரின் அதிகாரத்தில் கைவைப்பதாகாதா என்ற கேள்வி 1988-ல் மாரிசன் எதிர் ஓல்சன் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஏழுக்கு ஒன்று என்று சட்டம் நின்றது. அந்த ஒருவர் ஆன்டனின் ஸ்காலியா. மற்ற சட்டங்கள் ஆட்டுத்தோல் போர்த்தி வரும், இந்த ஓநாய் ஓநாயாகவே வந்திருக்கிறது என்று எழுதினார். அவர் கேட்ட முக்கியமான கேள்வி உங்களுடையதேதான்: ஒரே ஒரு மனிதரை விசாரிப்பதையே முழுநேர வேலையாகக் கொண்டவருக்குப் பணத்துக்கும் காலத்துக்கும் எல்லை வைக்காவிட்டால், அவர் குற்றத்தைத் தேடுவாரா, அந்த மனிதர் மேல் ஏதாவது கிடைக்குமா என்று தேடுவாரா?

ஸ்டார் 1994-ல் கிளின்டன் தம்பதியின் ஒயிட்வாட்டர் நிலப் பேரத்தை விசாரிக்க வந்தார். 1998-ல் அவர் கொடுத்த அறிக்கையின் நடுநாயகம், வெள்ளை மாளிகைப் பயிற்சி ஊழியர் மோனிகா லெவின்ஸ்கியுடன் கிளின்டனுக்கு இருந்த உறவு. ஸ்காலியாவின் அச்சம் வீண் அல்ல என்று பலர் ஒப்புக்கொண்டார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். 1999-ல் செனட் குழுவின் முன் வந்து, இந்தச் சட்டத்தை நீட்டிக்க வேண்டாம் என்று ஸ்டாரே சொன்னார். அந்த ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி சட்டம் காலாவதியானது, காங்கிரஸ் அதை நீட்டிக்கவில்லை.

ஆனால் ஸ்டார் கதையில் கெட்டுப்போனது எது? விசாரணை எல்லை நீண்டுகொண்டே போனது. காலக்கெடு இல்லை. செலவுக்குக் கட்டுப்பாடு இல்லை. நீக்கத்துக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்ற விதி இவற்றில் எதையும் உண்டாக்கவில்லை. தவறாக நடக்கும் வழக்கறிஞரை நீக்க அது தடையும் இல்லை, தவறே தகுந்த காரணம் ஆகிவிடும். எல்லையைச் சுருக்குங்கள், கணக்குக் கேளுங்கள், வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதைச் சாக்காக வைத்து, விசாரிக்கப்படுபவரிடமே விசாரிப்பவரை நீக்கும் அதிகாரத்தை ஒப்படைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மக்கள் ஓட்டு அதிபருக்குத்தான் என்கிறீர்கள். நீதி அமைச்சகத்தின் கொள்கையை அவர் தீர்மானிக்க அந்த ஓட்டு போதும். நாடு முழுக்க இருக்கும் 93 மாவட்ட அமெரிக்க அட்டர்னிகளை அதிபர் நீக்கலாம் என்று சட்டமே ஒரே வரியில் சொல்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதிபரே சம்பந்தப்பட்ட வழக்கு என்று வரும்போது மட்டும் அந்த ஓட்டு அவருக்குக் கேடயம் ஆகக் கூடாது. தன் வழக்கில் தானே நீதிபதியாக முடியாது என்பது ஓட்டுப்பெட்டிக்கு முந்தைய நீதி.

1999-க்குப் பிறகு இருப்பது மீண்டும் ஓர் அமைச்சக விதி. அட்டர்னி ஜெனரல் தன் கையாலேயே நீக்க வேண்டும். தவறான நடத்தை, கடமை தவறுதல், இயலாமை, நலன் முரண்பாடு, அல்லது வேறு தகுந்த காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை எழுத்தில் வழக்கறிஞருக்குத் தர வேண்டும். இரு அவைகளின் நீதிக் குழுக்களுக்கும், ஆளும் தரப்பு எதிர்த்தரப்பு இரண்டுக்கும், தெரிவிக்க வேண்டும். 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீட்டை விசாரிக்க ராபர்ட் முல்லர் 2017 மே 17 அன்று இந்த விதியின் கீழ்தான் வந்தார்.

அடுத்த மாதமே இந்த விதிக்குச் சோதனை வந்தது. முல்லர் அறிக்கையின் இரண்டாம் பகுதி அதை விரிவாகச் சொல்கிறது. டிரம்ப் வெள்ளை மாளிகை வழக்கறிஞர் டான் மெகானை வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார், அதுவும் ஒருமுறை அல்ல. முல்லருக்கு நலன் முரண்பாடு இருக்கிறது, அவர் பதவியில் இருக்க முடியாது என்று இந்த விசாரணைக்குப் பொறுப்பாக இருந்த துணை அட்டர்னி ஜெனரல் ராட் ரோசன்ஸ்டைனிடம் சொல்லச் சொன்னார். காட்டப்பட்ட முரண்பாடுகளில் ஒன்று, டிரம்பின் கோல்ஃப் கிளப்பில் முல்லர் முன்பு உறுப்பினராக இருந்ததும் அதன் கட்டணம் பற்றிய தகராறும்.

ஏன் கோல்ஃப் கிளப்? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நலன் முரண்பாடு என்பது விதி ஏற்கும் காரணங்களில் ஒன்று. "எனக்கு இவர் பிடிக்கவில்லை" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. எனவே பட்டியலில் பொருந்தும் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது, கிடைத்தது அவ்வளவு பலவீனமாக இருந்தது. அதை எடுத்துச் செல்ல வேண்டிய மெகான், 1973-ஐப் போன்ற இன்னொரு சனிக்கிழமை இரவுக்குத் தான் காரணமாவதைவிட ராஜினாமா செய்வதே மேல் என்று முடிவெடுத்து, சொன்னதைச் செய்யாமல் விட்டார். முல்லர் 2019 மார்ச்சில் அறிக்கையைக் கொடுக்கும்வரை பதவியில் இருந்தார். எந்த நீதிமன்றமும் தலையிடவில்லை. யாரையும் தண்டிக்காமலே விதி தன் வேலையைச் செய்தது.

இந்தப் பாதுகாப்பு ஒரு கட்சிக்காரர்களுக்கானது என்று நினைக்க வேண்டாம். டிரம்ப் ஆட்சியின் கடைசி மாதங்களில், 2020 அக்டோபரில், அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார், டிரம்ப்–ரஷ்யா விசாரணை தொடங்கிய விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் டர்ஹாமைச் சிறப்பு வழக்கறிஞர் ஆக்கினார். ஆட்சி மாறினாலும் விசாரணை தொடர்ந்தது. தன் எதிர்த்தரப்பு தொடங்கிவைத்த விசாரணையைப் பைடன் ஆட்சி விட்டுவைத்தது, டர்ஹாம் 2023-ல்தான் அறிக்கை கொடுத்து முடித்தார்.

இந்த விதியைச் சட்டமாக்க ஒரு முயற்சியும் நடந்தது. இரு கட்சி செனட்டர்களும் சேர்ந்து எழுதிய மசோதா 2018 ஏப்ரலில் செனட் நீதிக் குழுவில் 14-க்கு 7 என்று தேறியது. நீக்கப்பட்டவர் பத்து நாளுக்குள் நீதிமன்றம் போகலாம், காரணம் தகுந்ததல்ல என்றால் பதவி திரும்பக் கிடைக்கும் என்பது அதன் சாரம். பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் அதை அவை ஓட்டெடுப்புக்கே கொண்டுவரவில்லை. அது கைநழுவிப்போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இன்று அதே மசோதா சட்டமானாலும் நிற்குமா? எனக்கு நம்பிக்கை குறைவு. 2020-ல் சீலா லா வழக்கிலிருந்தே உச்ச நீதிமன்றம் அதிபரின் நீக்கும் அதிகாரத்தை விரித்துக்கொண்டே வருகிறது. முன்னாள் அதிபர் மீது குற்ற வழக்குத் தொடரலாமா என்பது பற்றிய 2024 ஜூலை 1 தீர்ப்பு, விசாரணையும் வழக்குத் தொடுப்பும் அதிபரின் தனி அதிகாரம் என்றே பேசியது. அதே மாதம் நீதிபதி ஐலீன் கேனன், டிரம்ப் மீது வழக்குத் தொடுத்த சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித்தின் நியமனமே செல்லாது என்று சொல்லி வழக்கைத் தள்ளினார். 2025 பிப்ரவரியில், அரசு ஊழியர்களில் முறைகேட்டைச் சொல்பவர்களைக் காக்கும் சிறப்பு ஆலோசகர் அலுவலகத்தின் தலைவர் ஹேம்ப்டன் டெலிஞ்சர், ஒரே வாக்கிய மின்னஞ்சலில் நீக்கப்பட்டார். அவருக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் உண்டு, காரணம் காட்டியே நீக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கீழ் நீதிமன்றம் அவரைத் திரும்ப அமர்த்தியது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, மார்ச்சில் அவர் வழக்கைக் கைவிட்டார்.

அதனால் நான் இப்போது கேட்பது வேறு. நீக்கத்தையே தடுக்கும் சட்டம் நீதிமன்றத்தில் விழலாம். நீக்கியவர் தன் பெயரில் காரணத்தை எழுதி, இரு கட்சியினரும் இருக்கும் குழுவுக்கு உடனே அனுப்ப வேண்டும் என்ற கடமையை விதியிலிருந்து சட்டத்துக்கு ஏற்றலாம். அரசை மேற்பார்வையிடுவது காங்கிரஸின் வேலை என்பதால் அதை வீழ்த்துவது இவ்வளவு எளிதல்ல. கூடவே, நீக்கப்பட்ட நாளில் இருந்த ஆவணங்கள் அப்படியே பாதுகாக்கப்பட வேண்டும் என்று எழுத வேண்டும். 1973-ல் காக்ஸ் போன பிறகும் அவருடைய உதவி வழக்கறிஞர்கள் கலையாமல் இருந்தார்கள், சேர்த்த ஆதாரங்கள் இருந்தன. ஜவோர்ஸ்கி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது அதனால்தான்.

அன்புடன்.