வாகனக் கேள்வி பதில்: ஓட்டோ கியரை மனுவலாக்கலாமா?

கேள்வி: ஐயா, அப்பா ஓடிய டொயோட்டா கொரல்லா 110 இப்போது என்னிடம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டுக் கார், 5ஏ எஞ்சின், ஓட்டோ கியர். காலையில் 'டி'யில் போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் அசைகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் இரைகிறது, வேகம் ஏறுவதில்லை. கராஜில் ஓடிப் பார்த்துவிட்டு, "ஓட்டோ பொக்ஸ் முடிஞ்சுது, மனுவல் போடுவம், ரெண்டு நாள் வேலை" என்றார்கள். கியர் ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கவுமில்லை. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. விற்கவும் மனமில்லை. என்ன செய்யலாம்?
- ஆசிரியை ஒருவர், கொக்குவில்

பதில்: மனுவலாக்கலாம் தங்கச்சி. அதற்கு 110ஐப் போல வசதியான கார் குறைவு. இதே உடலுக்கு, இதே எஞ்சினோடு, ஐந்து கியர் மனுவல் பொக்ஸையும் டொயோட்டாவே பூட்டி விற்றது. ஆகவே தேவையான சாமான் எல்லாம் கம்பனிச் சாமானாகவே கிடைக்கும். எனக்குப் பிடிக்காதது அந்த "ரெண்டு நாள் வேலை" என்ற பேச்சுத்தான். ஒயிலைக்கூடப் பார்க்காமல் ஒரு பொக்ஸுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

முதலில் நீங்களே பாருங்கள். பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடி, சூடான காரை மட்டமான தரையில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் மீண்டும் 'பி'யில் விடுங்கள். கைப்பிரேக்கும் போட்டபின் இறங்கி, கியர் ஒயில் டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டால் மிச்சம் எல்லாம் தெரியும். சிவப்பாக இருந்து அளவு மட்டும் குறைவென்றால் உங்களுக்கு நல்ல காலம். ஒயில் குறைந்தாலே காலையில் கியர் பிடிக்கப் பிந்தும், மாறும்போதும் வழுக்கும். எங்கே கசிகிறது என்று தேடி அடைத்து, அளவுக்கு ஊற்றினால் போதுமாக இருக்கலாம். கபில நிறமாகி, தீய்ந்த மணம் வந்து, கறுப்புத் துகளும் தெரிந்தால் உள்ளே இருக்கும் கிளச் தட்டுகள் தேய்ந்துவிட்டன. புது ஒயில் அவற்றைத் திருப்பித் தராது. பால் கலந்த ரோஸ் நிறமாக இருந்தால் உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். றேடியேற்றரின் அடித் தொட்டிக்குள் கியர் ஒயிலைக் குளிராக்கும் குழாய் இருக்கிறது. அது வெடித்துத் தண்ணீர் கியர் ஒயிலோடு கலந்துவிட்டது என்று அர்த்தம்.

மெக்கானிக்கிடம் இன்னும் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, அக்சிலேற்றர் பக்கத்திலிருந்து கியர்பொக்ஸுக்குப் போகும் கேபிள். அது தளர்ந்தாலோ பிழையாக இழுத்துப் பூட்டப்பட்டிருந்தாலோ கியர் மாறும் நேரமே குழம்பும். மற்றது, டாஷ்போர்டில் 'ஓ.டி. ஓஃப்' விளக்கு. ஓவர்டிரைவ் பட்டன் ஓனில் இருக்கும்போதும் அது விட்டு விட்டு மின்னினால், கியரைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டர் ஒரு பிழையை எண்ணாகப் பதிந்து வைத்திருக்கிறது. அந்த எண் 62 அல்லது 63 என்று வந்தால் கியர் மாற்றும் சொலினோயிட் என்ற மின் வால்வையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். அதற்காக முழுப் பொக்ஸையும் எறிவது அநியாயம்.

இவ்வளவும் பார்த்து, கியர்பொக்ஸின் அடியில் ஒயில் நிற்கும் தட்டைக் கழற்றியும் பார்த்தபின் முடிவெடுங்கள். தட்டுக்குள் காந்தம் இருக்கும். அதில் மை போல மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு இருப்பது சாதாரணம். நகம் போலத் தகட்டுத் துண்டுகள் ஒட்டியிருந்தால் பொக்ஸ் உண்மையாகவே முடிந்துவிட்டது. அந்த நிலையில் எங்கிருந்து கழற்றியது என்றே தெரியாத இன்னொரு பழைய ஓட்டோ பொக்ஸுக்குக் காசு கொட்டுவதைவிட மனுவலுக்குப் போவதையே நான் விரும்புவேன். மனுவல் பொக்ஸ் நெடுங்காலம் உழைக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் அதைத் திறந்து மூடுவார். கிளச் தட்டு தேய்ந்தால் மாற்றிவிட்டு ஓடலாம்.

சாமான் எடுக்கும்போது கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி ஒவ்வொன்றாகப் பொறுக்காதீர்கள். ஒரே மனுவல் 110இன் ஹாஃப்கட்டிலிருந்து (வெட்டி விற்கும் பாதிக் கார்) முழுத் தொகுதியாகக் கேளுங்கள்: கியர்பொக்ஸ், ஃப்ளைவீல், அதன் போல்ட்டுகள், ஸ்டார்ட்டர், இரண்டு டிரைவ் சாஃப்ட், கியர் லீவர், அதன் இரண்டு கேபிள், பொக்ஸைத் தாங்கும் மவுண்ட்டுகள், பிரேக் பெடலோடு சேர்ந்த கிளச் பெடல் கூடு, மேல் கீழ் கிளச் சிலிண்டர்கள், குழாய். ஃப்ளைவீல் போல்ட்டைத் தனியே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓட்டோவில் ஃப்ளைவீலுக்குப் பதிலாக ஒரு மெல்லிய தகடுதான் இருக்கும். அதன் போல்ட் கட்டை. அதையே ஃப்ளைவீலுக்குப் போட்டால் போதிய புரி பிடிக்காது. கிளச் தட்டு, கவர், ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் புதிதாக வாங்குங்கள். அதில் மிச்சம் பிடிக்க நினைத்தால் சில மாதத்தில் பொக்ஸை மறுபடி இறக்க வேண்டி வரும்.

இரும்பு வேலையைப் பெரும்பாலான கராஜுகள் ஒழுங்காகச் செய்துவிடும். குளறுபடி வருவது வயரிங்கில். ஓட்டோ பொக்ஸின் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. 'பி' அல்லது 'என்'னில் இருந்தால் மட்டும் ஸ்டார்ட்டருக்குக் கரன்ட் விடுவது அதுதான். ரிவர்ஸ் லைட்டும் அதன் வழியேதான் எரியும். பொக்ஸோடு அந்தச் சுவிட்சும் போய்விடும். பல இடங்களில் அதன் இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். கார் ஸ்டார்ட் ஆகும், நீங்களும் சந்தோஷமாக வீட்டுக்கு வருவீர்கள். ஆனால் ஒருநாள் முதலாம் கியரில் நிறுத்தியதை மறந்து திறப்பைத் திருப்பினால் கார் முன்னே பாயும். அந்த நேரம் முற்றத்தில் ஒரு பிள்ளை நின்றால் என்ன ஆகும்? ஆகவே அந்த இரண்டு வயரையும் கிளச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து அதன் வழியே எடுக்கச் சொல்லுங்கள். கிளச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ரிவர்ஸ் லைட் வயரை மனுவல் பொக்ஸில் இருக்கும் சுவிட்சுக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்பீடோமீற்றர் சரியாகக் காட்டுகிறதா, 'பி'யில் விட்டால் மட்டும் திறப்பு வெளியே வரும் பூட்டு இருந்தால் அதற்கு என்ன செய்தார்கள் என்பதையும் காசு கொடுக்க முன்னர் பாருங்கள். கம்பியூட்டரையும் மனுவல் காரினதாக மாற்றினால் நல்லது. பழையதையே விட்டால், இல்லாத சொலினோயிட்டைத் தேடி விளக்கை எரியவிடும், ஐட்லிங்கும் சில வேளை ஏறி இறங்கும்.

வேலை தொடங்க முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திலும் விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். கழற்றும் பழைய பொக்ஸையும் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். உதிரிப்பாகத்துக்கு அதற்கும் ஒரு விலை உண்டு.

கேள்வி: என்னுடைய அக்சியோ ஹைபிரிட்டையும் இப்படி மனுவலாக்க முடியுமா?
- வாசகர், வவுனியா

பதில்: முடியாது. அதில் கியர் மாற்றும் பொக்ஸே இல்லை. எஞ்சினையும் இரண்டு மின்மோட்டார்களையும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதே அந்த மோட்டார்களில் ஒன்றுதான். தனி ஸ்டார்ட்டர் கிடையாது. அதை எடுத்தால் ஹைபிரிட் என்ற ஏற்பாடே போய்விடும். யாராவது செய்து தருகிறோம் என்றால் காரைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புதுக் கார் வாங்க முடியாமல் பழைய சன்னியைத் திருத்தித் திருத்தி ஓடினேன். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். இனியும் பழைய காருக்குச் செலவழிக்கலாமா?
- வாசகர், மட்டக்களப்பு

பதில்: காரை உயர்த்திச் சட்டகத்தின் அடியைப் பாருங்கள். கதவின் கீழ் விளிம்பு, பின் சில்லின் மேல் வளைவு, முன் சஸ்பென்ஷன் பூட்டும் இடம் மூன்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் இனிச் செலவழிக்க வேண்டாம். இரும்பு கெட்டியாக இருந்தால் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் தாராளமாகச் செலவழியுங்கள்.