நகரத்தை விட்டுச் செல்லும் எண்ணத்தில் இருப்பவர், அதுவரையிலான அன்றாட வாழ்வையும் ஓய்வு நேரத்தையும் எப்படி அமைத்துக்கொள்ளலாம்?

சில ஆண்டுகளில் நகரத்தை விட்டு ஒரு சிற்றூரில் குடியேற வேண்டும் என்பது உங்கள் விருப்பம். வேலையும் பிள்ளைகளின் படிப்பும் கடனும் இப்போதைக்கு அதற்கு இடம்தரவில்லை. போவோமா மாட்டோமா என்ற நிலையில் வார இறுதிகள் வெறுமையாகக் கழிகின்றன என்றும், இந்த இடைக்காலத்தை எப்படி வாழ்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே எண்ணத்தோடு நகரத்தில் வாழ்ந்துகொண்டிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். போன பிறகு செய்யலாம் என்று நினைத்து வைத்திருப்பவற்றை ஓய்வு நேரத்தில் இங்கேயே ஒவ்வொன்றாகத் தொடங்கிப் பாருங்கள். அவற்றுள் பல இங்கேயே கைகூடும். சில எவ்வளவு முயன்றாலும் கைகூடா. அந்தக் கைகூடாத சிலவே நீங்கள் நகரத்தை விட்டுச் செல்வதற்கான உண்மையான காரணங்கள். அவை எவை என்று தெரிந்துகொள்ளாமல் இடம் பெயர்பவர், எதைத் தேடிப் போகிறோம் என்பதை அறியாமலே போகிறார்.

இடைக்காலத்தின் பெரிய தீங்கு, எல்லாவற்றையும் தள்ளிப்போடும் பழக்கம் மனத்தில் ஊன்றிவிடுவதுதான். எப்படியும் போய்விடப் போகிறோம் என்பதால் அண்டை வீட்டாரோடு பழகுவதில்லை, நூலகத்தில் உறுப்பினராவதில்லை, உட்கார்ந்து படிக்க வசதியான ஒரு நாற்காலிகூட வாங்குவதில்லை. ஓராண்டு என்று நினைத்தது ஐந்தாண்டாக நீளும்போது, அந்த ஐந்தாண்டும் புறப்படும் வேளையில் வாசலில் நிற்பவரின் மனநிலையிலேயே கழிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு இதனால் ஏற்படும் இழப்பை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். பெற்றோருக்கு இது காத்திருக்கும் காலம். பிள்ளைகளுக்கோ இதுவே முழு இளமை. ஆகவே, நகரத்தில் இருக்கும்வரை நகரத்தில் முழுமையாக வாழ்வதை, போக வேண்டும் என்ற விருப்பத்துக்குச் செய்யும் துரோகமாக எண்ண வேண்டாம்.

நகரத்தை விட்டுப் போக வேண்டும் என்ற ஆசை பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும், பல ஆசைகள் அதற்குள் சேர்ந்திருக்கின்றன. ஒருவருக்கு அமைதி வேண்டும். இன்னொருவருக்கு மண்ணில் வேலை செய்ய வேண்டும். மற்றொருவருக்கு அவசரமில்லாத நேரம் வேண்டும். இவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்ப்பதற்கு ஓய்வு நேரமே தகுந்த காலம்.

அமைதியிலிருந்து தொடங்கலாம். உலக நலவாழ்வு அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சாலைப் போக்குவரத்தின் ஒலி நாள் முழுமைக்குமான சராசரியில் 53 டெசிபலுக்கும், இரவில் 45 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கின்றன. டெசிபல் மடக்கை அளவு என்பதால் 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நம் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு உரக்கக் கேட்கிறது. கைப்பேசியில் உள்ள ஒலியளவிச் செயலி துல்லியமானது அன்று. எனினும் ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும், ஒரு வேளைக்கும் இன்னொரு வேளைக்கும் உள்ள வேறுபாட்டை அறிய அது போதும். வீட்டின் பின்பக்க அறை தெருப்பக்க அறையைவிட எவ்வளவு அமைதியானது என்பதும், விடியலுக்கு முந்தைய பொழுதில் நகரமும் அடங்கிக் கிடக்கிறது என்பதும் அளந்து பார்த்தால் புலப்படும். படுக்கையை இடம் மாற்றிப் போடுவதும், ஒரு மணி நேரம் முன்னதாக எழுவதும் பலருக்குப் போதுமானவையாக அமைகின்றன. அதன் பிறகும் தாங்க முடியவில்லை என்றால் உங்கள் ஆசை உறுதியானது. ஆனால் சிற்றூர்களிலும் நீர் இறைக்கும் இயந்திரங்களும் நாய்களும் ஒலிபெருக்கிகளும் உண்டு. அங்கே பின்னணி இரைச்சல் குறைவாக இருப்பதால் ஒவ்வோர் ஒலியும் தனித்துக் கேட்கும்.

இரவு வானம் எனக்கு மிகவும் நெருக்கமானது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு வெளியான செயற்கை ஒளி மாசு குறித்த உலக வரைபடத்தின்படி, மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க இயலாதவர்கள். நகரத்தில் எவ்வளவு முயன்றாலும் பெற முடியாதவற்றுள் இது தலையானது. ஆனால் வானத்தைக் கற்றுக்கொள்வதற்கு நகரம் தடை அன்று. தொடக்கத்தில் அது உதவி என்றே நான் கருதுகிறேன். இருண்ட இடத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் ஒரே நேரத்தில் தெரியும்போது, புதிதாகப் பார்ப்பவருக்கு எதையும் பிரித்தறிய முடிவதில்லை. நகரத்து வானில் ஒளிமிக்கவை மட்டுமே எஞ்சுவதால் அவற்றின் பெயரையும் இடத்தையும் எளிதாக மனத்தில் பதித்துக்கொள்ளலாம். செந்நிறமாக ஒளிரும் திருவாதிரை, சற்று மங்கலான ரோகிணி, கோடை மாலைகளில் தெரியும் சித்திரை, சுவாதி ஆகியவை மொட்டைமாடியிலிருந்தே தெரிபவை. வான் தெளிவாக இருக்கும் இரவில் கார்த்திகை மீன் கூட்டமும் சிறு புகைப்படலமாகத் தென்படும். கலிலியோ 1610ஆம் ஆண்டு சனவரியில் கண்ட வியாழனின் நான்கு பெரிய நிலவுகளை, 10 மடங்கு பெருக்கிக் காட்டும் சாதாரண இருகண் நோக்கியைச் சுவரில் ஊன்றி அசையாமல் பிடித்தால், விளக்குகள் நிறைந்த நகரத்திலிருந்தும் பார்க்கலாம். ஒரே நிலவு ஓர் இரவு ஒரு பக்கத்திலும் இன்னோர் இரவு மறுபக்கத்திலும் நிற்பதைக் குறித்து வைப்பது பிள்ளைகளோடு சேர்ந்து செய்யத்தக்க அருமையான பழக்கம். கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும் என்பதால், அதற்கிடையில் கைப்பேசித் திரையைப் பார்க்கக் கூடாது என்பது மட்டுமே விதி. இப்படிச் சில ஆண்டுகள் பழகிய ஒருவர், பின்னர் இருண்ட ஊரில் வானத்தை நிமிர்ந்து பார்க்கும்போது அங்கே அவருக்கு அறிமுகமானவர்கள் ஏராளமாக இருப்பார்கள்.

மண்ணில் வேலை செய்யும் ஆசை கொண்டவர்களுக்கு நகரம் தரும் பயிற்சி அளவில் சிறியது, ஆனாலும் உண்மையானது. காய்கறிச் செடிகள் பெரும்பாலானவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். ஆகவே விதை வாங்குவதற்கு முன், உங்கள் மாடியிலோ சன்னல் ஓரத்திலோ வெயில் எந்த வேளையில் எங்கே விழுகிறது என்பதை ஒரு விடுமுறை நாள் முழுவதும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிலம் பார்க்கப் போகும்போதும் இந்தக் கவனிப்பே முதலில் தேவைப்படும். சமையலறைக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு அல்லது மூன்று பங்கு என்று கலந்து, காற்றோட்டம் உள்ள தொட்டியில் ஈரம் காயாமல் வைத்திருந்தால் உரம் தயாராகும். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்து காற்று குறைந்துவிட்டது என்று பொருள். காய்ந்த இலையைச் சேர்த்துக் கிளறிவிட வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான ஒன்றைத் தொட்டிச் செடிகள் கற்றுத் தருகின்றன. செடி வளர்ப்பவர் நினைத்தபோதெல்லாம் வெளியூர் போக முடியாது. நான்கு நாள் பயணத்துக்கு முன் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற கேள்வி எழும்; பூச்சி விழும் வாரத்தில் நமக்கு உடம்பு சரியில்லாமலும் இருக்கலாம். தோட்டமும் கால்நடையும் உள்ள வாழ்க்கையில் இந்தக் கட்டுப்பாடு பல மடங்காகும். பத்துத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சுமையாக உணர்பவர், தம் ஆசை மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதா, மண்ணில் உழைப்பதா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பார்ப்பது மட்டுமே போதும் என்பதும் மதிக்கத்தக்க விடைதான். அதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் தேவைப்படாது.

மரங்களுக்கு நடுவே இருக்கும் ஆசைக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தரவுகளைக் கொண்டு 2019ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடங்களாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களிடம் உடல்நலமும் மனநிறைவும் கூடுதலாகக் காணப்பட்டதைப் பதிவு செய்தது. அந்த நேரத்தை ஒரே நாளில் கழித்தாலும் பல நாட்களாகப் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு தெரியவில்லை. இயற்கைதான் நலத்துக்குக் காரணம் என்று இந்த ஒரு முடிவைக் கொண்டு நிறுவிவிட முடியாது. நலமாக இருப்பவர்கள் வெளியே அதிகம் சென்றிருக்கவும் கூடும். ஆயினும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது நகரப் பூங்காவிலேயே எட்டக்கூடிய அளவு. ஒரே பூங்காவுக்கு ஒரே வேளையில் திரும்பத் திரும்பச் செல்வதைப் பரிந்துரைக்கிறேன். புதிய இடங்களைத் தேடி அலைவதைவிட, ஒரே மரம் எந்த மாதத்தில் இலை உதிர்த்து எப்போது துளிர்க்கிறது, எந்தப் பறவை எந்தப் பருவத்தில் வருகிறது என்பதைக் கவனிக்கப் பழகுவது சிற்றூர் வாழ்க்கைக்கு நெருக்கமானது.

நேரம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் பலருடைய கணக்கு பிசகுகிறது என்று நினைக்கிறேன். மனிதர்கள் எந்தக் காலத்திலும் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தைப் பயணத்தில் செலவிடுகிறார்கள் என்றும், போக்குவரத்து வேகம் கூடும்போது நேரத்தை மிச்சப்படுத்துவதற்குப் பதிலாக இன்னும் தொலைவாகப் போகிறார்கள் என்றும் இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994ஆம் ஆண்டு எழுதினார். நகர நெரிசலிலிருந்து விடுபட்டவர், மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வங்கிக்கும் நெடுந்தொலைவு வண்டி ஓட்டிச் செல்லும் நிலைக்கு வரலாம். கிணறு, கூரை, வேலி, மின்தடை என்று வீட்டைப் பராமரிக்கும் வேலையும் கூடும். இப்போது கிடைக்கும் மாலை நேரம் திரையைப் பார்ப்பதிலேயே கரைகிறது என்றால், இடம் மாறியதும் அந்தப் பழக்கம் தானாக நீங்கிவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. வாரத்தில் இரண்டு மாலைகளை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவைத்துப் பாருங்கள். அந்த நேரம் இனிமையாகக் கழிகிறதா, அமைதியின்மையைத் தருகிறதா என்பது மிகவும் பயனுள்ள செய்தி.

நகரத்தில் மட்டுமே கிடைப்பவற்றையும் இந்தக் காலத்தில் நன்றாகத் துய்க்க வேண்டும். பெரிய நூலகம், அருங்காட்சியகம், நேரில் கேட்கும் இசை, அரங்கில் பார்க்கும் நாடகம், தெரியாதவர்களுக்கு நடுவே யாரும் கவனிக்காமல் நடந்து செல்லும் உரிமை ஆகியவை அத்தகையவை. கடைசியாகச் சொன்னதன் அருமை, அது இல்லாத இடத்துக்குப் போன பிறகே பலருக்குத் தெரியவருகிறது. சிற்றூரில் நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள், இன்று எங்கே போகிறீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நோயுற்ற வேளையில் உதவிக்கு வருவதும் அந்த நெருக்கமே. இப்போது குடியிருக்கும் கட்டடத்திலேயே நான்கு குடும்பங்களோடு கொடுக்கல் வாங்கல் அளவுக்குப் பழகிப் பார்த்தால், உங்களுக்கு எந்த அளவு நெருக்கம் ஏற்றது என்பது ஓரளவு விளங்கும்.

விடுமுறைகளைப் பற்றி ஒரே வேண்டுகோள்: போக நினைக்கும் ஊருக்கு, அது மிக அழகாக இருக்கும் பருவத்தில் மட்டும் போகாதீர்கள். வெப்பம் உச்சத்தில் இருக்கும்போதோ மழை ஓயாமல் பெய்யும்போதோ ஒரு வாரம் தங்குங்கள். விடுதியைத் தவிர்த்து வாடகை வீட்டில் தங்கி, சமைத்து, துணி துவைத்து, முடிந்தால் அலுவலக வேலையையும் அங்கிருந்தே செய்து பாருங்கள். மருந்துக் கடை எத்தனை மணிக்கு மூடுகிறது, இணையம் எப்போது அறுந்துபோகிறது, இரவில் அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், அதற்கு எவ்வளவு நேரமாகும் என்பவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பயணியாகப் பார்த்த ஊரும், துணி காயாத வாரத்தில் பார்த்த ஊரும் வேறு வேறாகத் தெரியும். இரண்டையும் பார்த்த பிறகும் பிடித்திருந்தால் அந்த விருப்பத்தை நம்பலாம்.

இவை அனைத்தையும் தனியாகச் செய்வதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரே வீட்டில் ஒருவர் ஊருக்குப் போகும் கனவிலும் மற்றவர் அது நடந்துவிடுமோ என்ற கவலையிலும் வாழும் நிலை அரிதன்று. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், பிள்ளைகள் உட்பட, நகரத்தில் தமக்குப் பொறுக்க முடியாதவை எவை, விட்டுப் பிரிய முடியாதவை எவை என்று தனித்தனியே எழுதிய பின் அவற்றைச் சேர்ந்து படிப்பது நல்லது. ஆங்கிலேய நகரமைப்புச் சிந்தனையாளர் எபனேசர் ஹாவர்ட் 1898ஆம் ஆண்டிலேயே, நகரமும் நாட்டுப்புறமும் தனித்தனிக் காந்தங்களைப் போல மக்களை இழுக்கின்றன என்றும், இரண்டின் நன்மைகளையும் சேர்த்த மூன்றாவது வகைக் குடியிருப்பு வேண்டும் என்றும் வாதிட்டார். 1903இல் இங்கிலாந்தில் லெட்ச்வொர்த் என்னும் தோட்ட நகரம் அந்த எண்ணத்திலிருந்து உருவாகத் தொடங்கியது. உங்கள் வீட்டுப் பட்டியல்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதும், அனைவருக்கும் பொருந்துவது தொலைவில் உள்ள சிற்றூர் அன்று, பள்ளியும் மருத்துவமனையும் தொடர்வண்டி நிலையமும் உள்ள நடுத்தர ஊர்தான் என்று தெரியவரலாம். அப்படித் தெரியவந்தால், நிலம் வாங்கும் பேச்சை ஒத்திவைத்துவிட்டு, அத்தகைய ஊர் ஒன்றில் முதல் ஓராண்டுக்கு வாடகை வீடு பார்க்கத் தொடங்குங்கள்.