தைரொயிட் கட்டியைச் சூட்டால் கருக்கலாமா? திருகோணமலை வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கழுத்தை வெட்டாமல், ஸ்கானில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தி, அதன் நுனிச் சூட்டால் தைரொயிட் கட்டியைக் கருக்கும் ஆர்.எஃப்.ஏ. சிகிச்சை பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரேமாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

டொக்டர், எனக்கு 42 வயது. வேறொரு காரணத்துக்கு ஸ்கான் எடுத்தபோது 1.5 சென்ரிமீற்றர் கட்டி தெரிந்தது. புற்றுநோய் இல்லை என்றார்கள். ஒரு கஷ்டமும் இல்லை. வெளிநாட்டிலுள்ள மகள் எரித்துவிடச் சொல்கிறாள். (நிலாவெளி)

வேண்டாம் அம்மா. மகளின் பயம் புரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட கட்டி நடுவயதுப் பெண்களில் மிகச் சாதாரணம். பெரும்பாலானவை வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். விழுங்கக் கஷ்டம், கழுத்தில் அழுத்தம், வெளியே தெரியும் வீக்கம், தொடர்ந்த வளர்ச்சி என்று ஏதாவது இருந்தால்தான் இந்தச் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். கிளினிக்கில் சொல்லும் தவணைக்கு ஸ்கான் எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

மனைவிக்கு 4 சென்ரிமீற்றர் கட்டி. சோறு இறங்கக் கஷ்டப்படுகிறா. ஊசி குத்தி ஒருமுறை பார்த்ததில் நல்ல கட்டி என்று வந்தது. அதோடு செய்துவிடலாமா? (கிண்ணியா)

பொதுவாக, இன்னொருமுறை குத்திப் பார்த்த பிறகுதான். இந்தச் சிகிச்சையின் பாதுகாப்பு மெஷினில் இல்லை. அதற்கு முந்திய பரிசோதனையில்தான் இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒப்பரேசன் என்றால் வெட்டியெடுத்த கட்டி முழுவதையும் ஆய்வுகூடம் பார்க்கும். கருக்கும்போது பார்க்க எதுவும் மிஞ்சாது. நல்ல கட்டி என்று முடிவு வந்தவர்களிலும் நூறில் மூன்று பேர்வரை புற்றுநோய் தப்பியிருக்கக்கூடும். கட்டி பெரிதானால் ஊசி படாத இடமும் அதிகம். இன்னொரு சிக்கலும் உண்டு. கருகிய இடம் பின்னர் ஸ்கானில் கறுத்து, ஓரம் ஒழுங்கில்லாமல், புற்றுநோய் போலவே தெரியலாம்.

அதனால்தான் ஐரோப்பிய தைரொயிட் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் உட்படப் பலவும், திண்மக் கட்டியென்றால் இரண்டு முறை நல்ல முடிவு வர வேண்டும் என்கின்றன. ஸ்கானில் பஞ்சுபோலத் துளைதுளையாகத் தெரியும் கட்டிக்கு ஒருமுறை போதும். முடிவு ‘உறுதியில்லை’ என்றோ ‘சந்தேகம்’ என்றோ வந்தால் கருக்கக் கூடாது. தைரொயிட் சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையும் கட்டாயம். ஒருவகைத் தைரொயிட் புற்றுநோயைக் காட்டித்தரும் கல்சிட்டோனின் இரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

நான் கோயிலில் தேவாரம் பாடுகிறவன். குரல் போய்விடுமோ என்று பயம். (திருகோணமலை நகர்)

நியாயமான பயம் ஐயா. குரல் நாண்களை அசைக்கும் நரம்பு தைரொயிட்டின் பின்பக்கத்தில், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஓடுகிறது. சூடு எட்டக் கூடாத இடம் அது. எனவே பழகிய டொக்டர் கழுத்தின் நடுப்பக்கமிருந்து ஊசியை நுழைப்பார். ஊசி முழுவதும் ஸ்கானில் தெரிய வேண்டும். ஆழத்தில் தொடங்கிச் சிறுசிறு பகுதியாகக் கருக்கிக்கொண்டே ஊசியை வெளியே இழுப்பார். நரம்போரம் ஒரு விளிம்பைத் தொடாமலே விடுவார். குளிர்ந்த 5 வீத டெக்ஸ்ரோஸ் நீரை இடையில் செலுத்தி நரம்பைத் தள்ளிவைப்பதும் உண்டு. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துமென்பதால் அதைப் பயன்படுத்துவதில்லை.

மயக்காமல் விறைப்பூசி மட்டும் போடுவதும் இதற்காகத்தான். இடையிடையே உங்களோடு பேச்சுக்கொடுப்பார்கள். குரல் கரகரத்தால் உடனே நிறுத்திக் குளிர்நீர் செலுத்துவார்கள். குரல் மாற்றம் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வரும், பெரும்பாலும் மாதங்களில் திரும்பிவிடும். ஒப்பரேசனிலும் இதே நரம்புக்குத்தான் ஆபத்து. உங்களைப் போன்றவர் முதலில் குரல் நாண்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மறுபக்க நாண் ஏற்கெனவே அசையாவிட்டால் இந்தச் சிகிச்சையைத் தவிர்ப்பதே நல்லது. “நீங்களே இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?” என்று டொக்டரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

என் கட்டியில் முழுக்க நீர்தானாம். எனக்கும் இதேதானா? (மூதூர்)

இல்லை. நீரை உறிஞ்சிப் பார்க்கலாம். திரும்ப நிரம்பினால் அற்ககோல் செலுத்துவதுதான் முதல் தெரிவு. செலவும் குறைவு.

வாப்பாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர், இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் மருந்தும் குடிக்கிறார். (கிண்ணியா)

இரண்டையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கமான ஆர்.எஃப்.ஏ. மின்சாரம் பேஸ்மேக்கரைக் குழப்பலாம், வேறு வகை ஊசியோ லேசரோ தேவைப்படும். வார்பரினை இதய டொக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அயடின் உப்பைக் கூட்டினால் கட்டி கரையுமா? (தம்பலகாமம்)

கரையாது. நம் நாட்டில் 1995 முதல் விற்பனை உப்பில் அயடின் சேர்ப்பது சட்டம். வளர்ந்த கட்டிக்கு மேலதிக அயடின் கொடுத்தால் சிலருக்குச் சுரப்பு மிகைத்துப் படபடப்புத்தான் வரும்.

கொழும்பில் செய்துவிட்டு அன்றிரவே பஸ்ஸேறி வந்துவிடலாமா? கட்டி முழுதாய்ப் போய்விடுமா? (உப்புவெளி)

அன்றே வீட்டுக்கு விடுவார்கள், ஆனால் பஸ் ஏறாதீர்கள். ஏறக்குறைய 260 கிலோமீற்றர் வழியில், நள்ளிரவில் கழுத்து இரத்தம் கட்டி வீங்கினால் என்ன செய்வீர்கள்? அன்றிரவு உறவினர் வீட்டில், ஆஸ்பத்திரிக்குக் கிட்டத் தங்குங்கள்.

கட்டி ஒரேயடியாக மறையாது. கருகிய பகுதியை உடல் மெதுவாக உறிஞ்சும். ஒரு வருடத்தில் பாதிக்கு மேல் சுருங்குவதுதான் வழக்கம். பெரிய கட்டிக்கு இரண்டாம் தடவை தேவைப்படலாம். நரம்போரம் விட்ட விளிம்பு சில வருடங்களில் திரும்ப வளரலாம், ஆகவே ஸ்கான் தவணைகளைத் தவறவிடாதீர்கள். சில வாரங்கள் கழித்துத் திடீரென்று வலியோடு கழுத்து வீங்கினால் கட்டி உடைந்திருக்கலாம். பெரும்பாலும் தானாக ஆறும், ஆனாலும் அன்றே காட்டுங்கள். மூச்சு முட்டினாலோ விழுங்க முடியாவிட்டாலோ கொழும்புக்குப் போன் எடுத்துக்கொண்டிருக்காமல் நேரே திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன சிகிச்சை, எந்தத் திகதி என்று எழுதிய தாளைக் கையில் கொண்டுபோங்கள்.