தெருத் திருப்பமும் கடிகாரமும்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: மதுரை மேலமாசி வீதியிலிருந்து கீழமாசி வீதிக்கு வண்டியில் போனால் ஊரையே சுற்றிவந்த மாதிரி இருக்கிறது. தூரம் என்னவோ கொஞ்சம்தான்!

பதில்: நேர் குறுக்கே கோயில் இருக்கிறதே. அதை நடுவில் வைத்துச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாகச் சுற்றுகின்றன, நீங்கள் இரண்டு மூலை திரும்பித்தான் ஆகவேண்டும். 1980இல் சடல்லா, மேகல் என்ற இரு ஆய்வாளர்கள் தரையில் டேப் ஒட்டிப் பாதை போட்டு ஆட்களை நடக்கவைத்துப் பார்த்தார்கள். நீளம் ஒன்றாக இருந்தும், திருப்பம் அதிகமுள்ள பாதைதான் நீளமாகத் தெரிந்தது. அது தூரத்தைப் பற்றிய சோதனை. நேரத்துக்கும் பொருந்தும் என்பது என் கணிப்பு.

கேள்வி: சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) திருப்பமே இல்லையே சார், அங்கே ஏன் யுகமாகிறது?

பதில்: யூ டர்னை மறந்துவிட்டீர்களா? மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கி.மீ., நடுவில் தடுப்புச்சுவர். ஒருமுறை பெருங்குடியில் நண்பர் எதிர்ப்பக்கம் ஆபீஸ் வாசலில் நின்று கையாட்டுகிறார், நானோ அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறேன், திரும்ப இடம் வந்தால்தானே! வந்து சேர்ந்ததும் "கால் மணி நேரம் ஆச்சு" என்று அலுத்துக்கொண்டேன், அவர் போனைப் பார்த்து ஆறு நிமிஷம் என்றார். போகவேண்டிய இடத்தை விட்டு விலகிப் போகிற நிமிஷம் அப்படித்தான் கனக்கும். சும்மா நிற்பதும் அதே கதை: பயணத் திட்டம் போடுகிறவர்கள், பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒரு நிமிஷத்தை, பஸ்ஸுக்குள் இருக்கும் இரண்டு நிமிஷத்துக்குச் சமமாகக் கணக்கில் எடுப்பது வழக்கம்.

கேள்வி: புது ஊருக்குப் போகும்போது நீளம், வரும்போது குட்டை. வழி பழகிவிடுவதாலா?

பதில்: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அதே தூரமுள்ள வேறு வழியில் திரும்பினவர்களுக்கும் வரும் வழி குறைவாகவே தெரிந்தது. போகும்போது "சீக்கிரம் போயிடலாம்" என்று நினைத்து ஏமாறுகிறோம், அப்புறம் திரும்பும்போது நீளமான பயணத்துக்கு மனசைத் தயார் பண்ணிவிடுகிறோம், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா நகரில் மேப் சந்துக்குள் போகச் சொல்கிறது, 2 நிமிஷம் மிச்சமாம். போகலாமா?

பதில்: நான் போகமாட்டேன். நாலு திருப்பம், ரெண்டு வேகத்தடை, எதிரே ஒரு தண்ணி லாரி. அவென்யூவிலேயே நேராகப் போங்கள்.