இசைக் கேள்வி பதில்: பாரிமுனையில் ஒரு சிதம்பரம்

கேள்வி: இந்த டிசம்பரில் முதல் தடவையாகப் பேத்தியோடு சென்னைக்குக் கச்சேரி கேட்கப் போகிறேன். பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்துக்கும் போய் வா, அது நம் சிதம்பரத்தில் பிறந்தது என்கிறார் அண்ணன். கட்டடம் எப்படி அங்கே பிறக்கும்?
ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அண்ணன் சொன்னது சரிதான் அம்மா. கட்டடம் சென்னையில் எழுந்தது. அதற்கான பிடிவாதம் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் பிறந்தது.

நான் கடலூர் முதுநகர்க்காரன். காலை பாசஞ்சர் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போகும். சிதம்பரத்தில் இறங்கி அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைக் கல்லூரிக்கு நடப்பேன். டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் சொல்லிக்கொடுத்த இடம் அது. சுருதிப்பெட்டியைத் தொடுமுன் எங்கள் ஆசிரியர் அந்தப் பெயர்களை ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

1940ஐ ஒட்டிய காலத்தில் தமிழ்நாட்டு மேடையிலேயே தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்த இடம் கடைசி அரை மணி நேரம். தெலுங்கு, சமஸ்கிருதப் பெரிய உருப்படிகள் முடிந்து, மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனமும் முடிந்து, பாதிப் பேர் செருப்பைத் தேடும்போது பாடுகிற துக்கடா. இத்தனைக்கும் முத்துத்தாண்டவர் தில்லைக் கூத்தனைப் பாடியது தியாகராஜருக்கு வெகுகாலம் முன்பு. தமிழ்க் கீர்த்தனை பாடிய இன்னொருவரான மாரிமுத்தாப் பிள்ளையின் தில்லைவிடங்கன் சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊர். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூடி, மேடையில் தமிழ்ப் பாட்டு கூடுதலாக ஒலிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சென்னையில் கடுமையான எதிர்ப்பு. ராஜாஜி, கல்கி, ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் மூவரும் தமிழிசைப் பக்கம் நின்றார்கள். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. அதற்கென்று சொந்த அரங்கம் 1952இல் திறந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவி, தமிழிசைக்காகவும் முன்னின்ற ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1948லேயே காலமாகிவிட்டார். தம் பெயர் தாங்கிய மன்றத்தில் ஒரு பாட்டுகூட அவர் கேட்கவில்லை. அங்கே போய் உட்காரும்போதெல்லாம் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும்.

அந்தச் சண்டை பழங்கதை என்று நினைக்காதீர்கள். பல வருஷங்களுக்கு முன் ஓர் ஊர் சபாவில் முத்துத்தாண்டவர் பதம் ஒன்றை ஆலாபனை, நிரவல் எல்லாம் வைத்து நடு உருப்படியாகப் பாடினேன். இறங்கியதும் செயலாளர் கேட்டார்: "நல்லாத்தான் இருந்தது. கடைசியில வெச்சிருக்கலாமே சார்?" அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மியூசிக் அகாடமிக்கும் போங்கள். 1928இல் தொடங்கியது, அதன் மேடையில் பாடாத மேதை குறைவு. ஆனால் மன்றத்துக்குப் பேத்தியை மாலைக் கச்சேரிக்கு மட்டும் அழைத்துப் போய்விட்டுத் திரும்பிவிடாதீர்கள். 1949இல் சங்கம் தொடங்கிய தேவாரப் பண் ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. ஓதுவார்களும் வித்வான்களும் ஒன்றாக உட்கார்ந்து, இந்தப் பண்ணுக்கு எந்த ராகம் என்று பாடிப் பாடி வாதாடுவார்கள். ஒரே பதிகத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பாடிக் கேட்பதுபோல் காதைத் தீட்டும் பாடம் வேறு கிடையாது. நாள், நேரம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றம் பக்கத்தில்தான் மன்றம், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

கேள்வி: பண் வேறு, ராகம் வேறா? எங்கள் பகுதிப் பதிகம் ஒன்றை வைத்து விளக்குங்களேன்.
ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பண் என்பது தேவாரத்தில் ராகத்துக்கு இருந்த பெயர். நட்டபாடையை இன்று கம்பீர நாட்டையில் பாடுகிறோம், காந்தார பஞ்சமத்தைக் கேதாரகௌளையில். உங்கள் ஊரிலிருந்து பண்ருட்டிப் பக்கம் போனால் திருவதிகை. சூலை நோயில் துடித்த அப்பர் முதல் பதிகம் பாடிய கோயில். அது கொல்லிப் பண், ஓதுவார்கள் நவரோசில் பாடுவார்கள். நவரோசு மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வை எட்டாது, பஞ்சமமான 'ப'வோடு திரும்பிவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவருக்கு மேல் ஸ்தாயி எப்படி எழும்பும் என்று எங்கள் ஆசிரியர் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பதிகத்தை நான் உரத்துப் பாடியதில்லை.